எவரும் விரும்பாத டாலர்

அரிய நாணயம் என்றதும் பொற்காசோ, மண்ணில் புதைந்த செப்புக்காசோதான் உங்கள் நினைவுக்கு வரும். 75 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டு, மக்கள் வேண்டாமென ஒதுக்கிய நாணயத்திலும் அரியவை உண்டு என்றால் நம்புவீர்களா? 1979-இல் அமெரிக்கா வெளியிட்ட சூசன் ஆன்டனி டாலரே அது.

சூசன் ஆன்டனி பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். சட்டத்தை மீறி 1872-இல் ரோச்செஸ்டர் நகரில் வாக்களித்தார். விதிக்கப்பட்ட 100 டாலர் அபராதத்தைக் கடைசிவரை அவர் கட்டவேயில்லை! அதுவரை அமெரிக்கப் புழக்க நாணயங்களில் சுதந்திர தேவி போன்ற கற்பனைப் பெண்களே இடம்பெற்றனர். வாழ்ந்த பெண்ணொருவரின் முகம் பொறிக்கப்பட்டது இதுவே முதன்முறை.

அன்று காகித டாலர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் நைந்துபோனது; உலோகமோ பல்லாண்டு உழைக்கும். அரசின் இந்தக் கணக்கு சரியானதே. பிழை அளவில் நேர்ந்தது. கால் டாலரின் விட்டம் 24.3 மில்லிமீட்டர், புதிய டாலருக்கு 26.5. இரண்டும் வெண்ணிறம், இரண்டிற்கும் வரிவிளிம்பு. உள்ளே பதினொரு பக்கக் கட்டம் வரைந்திருந்தும், சட்டைப்பைக்குள் துழாவும் விரலுக்கு அது எப்படித் தெரியும்? கால் டாலர் என்றெண்ணி ஒரு டாலரைக் கொடுத்து ஏமாந்தவர்கள் பலர். காகித டாலரையும் அரசு நிறுத்தவில்லை. பிறகு யார் இதை நாடுவார்கள்?

1980-இல் சுமார் 9 கோடிதான் அடித்தார்கள். 1981-இல் அடித்த சுமார் 97 லட்சமும் சேகரிப்போருக்கு மட்டுமே விற்கப்பட்டன. எஞ்சியவை பெட்டகங்களில் உறங்கின. தபால்தலை விற்கும் எந்திரங்களும் பேருந்துகளும் அவற்றை மெல்ல மெல்ல வெளியே இழுத்தன. இருப்பு குறையவே, 1999-இல் மீண்டும் 4 கோடிக்கு மேல் அடிக்க நேர்ந்தது!

சேகரிப்பவர் எதைத் தேடுகிறார்? 1981-ஆம் ஆண்டு நாணயத்தை என்பீர்கள். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் வாங்கியவர்கள் பத்திரப்படுத்தியதால் அது எளிதில் கிடைக்கிறது. உண்மையில் அரியது 1979-இன் ஒரு வகை. அவ்வாண்டு நடுவில் பிலடெல்பியா நாணயச்சாலை அச்சின் விளிம்பை அகலப்படுத்தியது. முன்பு விளிம்பிலிருந்து தள்ளி நின்ற ஆண்டு எண், இப்போது அதை ஏறக்குறைய ஒட்டி நின்றது. இவ்வகை குறைவாகவே வெளிவந்தது. வேறுபாட்டை எவரும் கவனிக்காததால், அதுவும் மற்றவற்றோடு கலந்து புழக்கத்தில் போய்விட்டது.

இந்த டாலர் உங்கள் கைக்கு வந்தால், முகத்துக்கு இடப்புறம் தோளுக்கு மேலே 'பி' என்ற ஆங்கில எழுத்து உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை ஆண்டு எண்ணின் பக்கம் திருப்புங்கள்.