தாத்தாவுக்கு எதுக்கு நல்ல ஹெட்போன்?

போன மாசம் வீட்டுல நான் பண்ண ஒரு தப்புலேர்ந்துதான் இந்த எபிசோடை ஆரம்பிக்கணும்.

தாத்தாவுக்கு 78 வயசு. பிறந்தநாளுக்கு நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? அன்னிக்கு சாயங்காலமே லேப்டாப்புல ஒரு டோன் ஜெனரேட்டரைத் திறந்து, வீட்டுல எல்லாருக்கும் காது டெஸ்ட் வச்சேன். எனக்கு 16,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்டுச்சு. அப்பா 12,000ல நின்னுட்டார். தாத்தாவுக்கு 6,000க்கு மேல ஒண்ணுமே இல்ல. "அப்ப ஹெட்போன் காசுல முக்கால்வாசி வேஸ்ட் தாத்தா"ன்னேன். அவரும் சிரிச்சார். மறுநாள் பார்த்தா ஹெட்போன் டப்பாவுக்குள்ள போயிடுச்சு. ஒரு வாரம் வெளியவே வரல.

இதே வேலையை 19ஆம் நூற்றாண்டுல ஒருத்தர் பண்ணியிருக்கார். இங்கிலாந்துக்காரர் ஃபிரான்சிஸ் கால்ட்டன். ரொம்பக் கீச்சுனு ஊதுற ஒரு சின்ன விசிலைச் செஞ்சு, கைத்தடியில பொருத்திக்கிட்டு மிருகக்காட்சிசாலையில சுத்தினார். எந்த மிருகம் காதைத் திருப்புதுன்னு பார்க்க. மனுஷங்ககிட்டயும் ஊதிப் பார்த்தார். வயசாக ஆக உச்ச ஒலிகள் கேட்காமப் போகுது, ஆனா அது போனதே பெரியவங்களுக்குத் தெரியலன்னு 1883ல வந்த புத்தகத்துல எழுதினார். சோதிச்சுக் காட்டினா அவங்களுக்குக் கோபம் வருதுங்கிறதையும் ரசிச்சு எழுதியிருக்கார். ('யூஜெனிக்ஸ்'ங்கிற வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்ததும் இதே புத்தகம்தான். மனுஷனை அளந்து தரம் பிரிக்கிறதுல ஆளுக்கு அவ்வளவு ஆசை.) படிக்கும்போது எனக்கு முகம் சுண்டிப்போச்சு. நான் பண்ணதும் அதே விளையாட்டுதானே?

சரி, கணக்குக்கு வருவோம். அதுலயும் நான் தப்புதான். மனுஷக் காதுக்கு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரைன்னு சொல்றோம். 6,000ல நின்னா 70 சதவீதம் போச்சுன்னு தோணும். ஆனா இசை அப்படி எண்ணாது. ஒரு ஸ்தாயி மேல போனா அதிர்வெண் ரெண்டு மடங்காகும். 20லேர்ந்து 20,000க்கு மொத்தம் பத்து ஸ்தாயி. 10,000லேர்ந்து 20,000 வரைக்கும் இருக்கிறது ஒரே ஒரு ஸ்தாயி! தாத்தா இழந்தது பத்துல ரெண்டுகூட இல்ல. பியானோவோட கடைசிக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். அதுக்கு மேல இருக்கிறது பெரும்பாலும் ஓசையோட பளபளப்பு.

அந்தப் பளபளப்பே இல்லாமத்தான் உலகம் பல வருஷம் இசைத்தட்டு கேட்டுச்சு. 1925க்கு முன்னாடி மைக்கே கிடையாது. பாடுறவர் ஒரு பெரிய புனலுக்குள்ள பாடுவார், அந்த அதிர்வே ஊசியை அசைச்சு மெழுகுல கோடு போடும். அதுல பதிவானது சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ். மைக் வந்த பிறகும் கொஞ்ச காலம் 5,000, 6,000ஐச் சுத்தித்தான். எஃப்.எம். ரேடியோ இன்னிக்கும் 15,000ல முடிஞ்சிடும். நாம யாராவது குறைன்னு சொல்லியிருக்கோமா?

ஃபோனோகிராஃபைக் கண்டுபிடிச்ச எடிசனுக்கே சின்ன வயசுலேர்ந்து காது மந்தம். மரப்பெட்டியைப் பல்லால கடிச்சு, எலும்பு வழியா அதிர்வை வாங்கிக் கேட்பார். அந்தக் காதை வச்சுக்கிட்டே தன்னோட கம்பெனிக்கு எந்தப் பாடகர் வேணும்னு முடிவும் பண்ணினார். எல்லாம் நல்ல முடிவுன்னு சொல்ல மாட்டேன்.

இதுக்காக முதுமைச் செவிக்குறைவு சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க. அடி விழுறது பேச்சுல. 'ச', 'ஸ்' மாதிரி எழுத்துகளோட கூர்மை மேல்பக்கம்தான் இருக்கு. அதனால குரல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. காதுக்கருவியும் முதல்ல பேச்சுக்காக டியூன் பண்ணது. நீளமா நிக்கிற புல்லாங்குழல் சுரத்தைத் தன்னோட 'கீ...' சத்தம்னு நினைச்சு அமுக்கப் பார்க்கும். பல கருவிகள்ல இசைக்குன்னு தனி புரோகிராம் வைக்க முடியும், ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டு வாங்கணும். எங்க தாத்தாவை அதுக்குக் கூட்டிட்டுப் போக இன்னும் பேசிட்டே இருக்கேன். "பார்க்கலாம்டா"ங்கிறார்.

ஆனா ஹெட்போன் வெளிய வந்துடுச்சு. போன ஞாயித்துக்கிழமை, "கணக்கு தப்பாப் போட்டுட்டேன் தாத்தா"ன்னு சொல்லி, டி.என். ராஜரத்தினம் பிள்ளையோட தோடியைப் போட்டு அவர் காதுல மாட்டினேன். பழைய 78 ஆர்.பி.எம். தட்டுலேர்ந்து எடுத்த பதிவு. நான் முதல்ல கேட்டுப் பார்த்தப்ப நாகஸ்வரத்துக்கு மேல எண்ணெயில அப்பளம் போட்ட மாதிரி 'ஸ்ஸ்ஸ்'.

"இரைச்சல் ரொம்ப இருக்கு தாத்தா, வேற நல்ல காப்பி தேடட்டுமா?"

ஒரு பக்கத்தை மட்டும் லேசாத் தூக்கி, "எந்த இரைச்சல்?"னு கேட்டார். திரும்பக் காதுல வச்சுக்கிட்டு கண்ணை மூடிட்டார்.