ஏட்டில் நீதி, வீட்டில் வாள்!

வாள் ஏந்திய வேந்தர் ஆயிரம்; ஏடு ஏந்திய வேந்தர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். அச்சிலரில் ஒருவன், ஸ்பெயின் நாட்டின் காஸ்தீல் பகுதியை ஆண்ட பத்தாம் அல்போன்சோ. 'அறிஞன்' என்பது வரலாறு அவனுக்குச் சூட்டிய பெயர்.

1221இல் தொலேதோ நகரில் பிறந்தான். தந்தை மூன்றாம் பெர்னாந்தோ, முஸ்லிம்களிடமிருந்து 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவிலையும் வென்றவர். வாள் வீசிய தந்தைக்குத் திருச்சபை 1671இல் புனிதர் பட்டம் தந்தது. ஏட்டைப் புரட்டிய மைந்தனுக்கோ அப்படியொரு பட்டம் கிட்டவில்லை!

1252இல் அரியணை ஏறினான் அல்போன்சோ. இலத்தீன்தான் அறிவின் மொழி, மக்கள் பேசுவது கொச்சை என்று குருமார் செருக்கித் திரிந்த காலம் அது. அரசு ஆவணங்களில் காஸ்தீலியத்தைப் புகுத்தும் பணியைத் தந்தை தொடங்கியிருந்தார். மைந்தன் அதை முழுமையாக்கினான். சட்டம், வரலாறு, வானநூல் யாவும் மக்கள் மொழியில் எழுந்தன. தேவமொழி என்று எதுவும் இல்லை. ஆண்டவனுக்கன்று, ஆள்வோனுக்கும் ஆளப்படுவோனுக்குமே மொழி வேண்டும் என்பதை அவன் செயல் காட்டிற்று.

அவன் அவையில் யூதரும் கிறித்தவரும் ஒன்றாய் அமர்ந்து அரபு நூல்களைப் பெயர்த்தனர். யெகூதா பென் மோஷே, இசாக் இப்னு சித் என்னும் யூத அறிஞர் இருவர் வகுத்த வானியல் அட்டவணையை ஐரோப்பா நூற்றாண்டுகள் பயன்படுத்தியது. உலகே மையம் என்ற கோட்பாட்டை உடைத்த கோப்பர்னிக்கசும் அதைப் பயின்றவரே! வெவ்வேறு வேதம் ஓதியவர்கள் விண்மீனை அளந்தபோது விடை ஒன்றாகவே வந்தது. அறிவுக்கு மதம் ஏது?

ஆனால், தோழர்களே, புகழ்ந்துவிட்டுப் போவது புராணிகர் வேலை. நாம் மறுபுறத்தையும் பார்க்க வேண்டும்.

1249இல் அவன் மணந்த ஆரகோன் இளவரசி வியோலாந்தேக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை! பேரரசன் ஆகும் ஆசையில் மக்கள் மீது வரிச்சுமை ஏற்றினான். 1275இல் அந்த ஆசையையும் கைவிட நேர்ந்தது. அதே ஆண்டு மூத்த மகன் பெர்னாந்தோ இறந்தான். அடுத்து அரியணை யாருக்கு? மூத்தவனின் பிள்ளைக்கு என்றது அல்போன்சோவே தொகுப்பித்த 'ஏழு பகுதிகள்' என்னும் சட்டநூல். எனக்கே என்றான் இரண்டாம் மகன் சாஞ்சோ. பழைய வழக்கமும் படைவலிமையும் அவன் பக்கம் நின்றன.

குடும்பம் சிதறியது. 1277இல் உடன்பிறந்த பத்ரிக்கேயை விசாரணையின்றிக் கொன்றான் மன்னன். சட்டநூல் தந்த கையா இது! 1278இல் அரசி, பேரப்பிள்ளைகளோடு ஆரகோனுக்குச் சென்றுவிட்டாள். 1281இல் யூதர்களைச் சிறைப்பிடித்துப் பெரும்பொருள் பறித்தான். யார் அறிவால் அவன் அவை ஒளிபெற்றதோ அந்த இனத்துக்கு அவன் அளித்த பரிசு இது! யூதர் தனி அடையாளம் அணிய வேண்டும் என்று விதித்ததும் அதே 'ஏழு பகுதிகள்'தான்.

1282இல் வல்யதோலித் நகரில் கூடியவர்கள் ஆட்சியைச் சாஞ்சோவிடம் ஒப்படைத்தனர். கைவிடப்பட்ட முதியவனுக்குச் செவில் நகரம் துணை நின்றது. போர்த்துக்கல் அரசியாய் இருந்த மகள் பியாத்ரிஸ் துணை நின்றாள். அவளோ, மணவாழ்வுக்குப் புறத்தே பிறந்தவள் என்று சமுதாயம் ஒதுக்கும் வகையினள்! முறையாய்ப் பிறந்த மகன் முடியைப் பறித்தான். முறையற்றவள் எனப்பட்ட மகள் அருகில் நின்றாள். பிறப்பை வைத்துப் பெருமை பேசுவோர் சிந்திக்கட்டும்!

1284இல் அல்போன்சோ மறைந்தான். சாஞ்சோவை அவன் உயிலில் விலக்கியிருந்தும், முடி சூடியவன் சாஞ்சோவே.

அறிவை ஏட்டில் எழுதினான், ஆட்சியில் நாட்டவில்லை. அவன் தோல்வி அதுதான். பிறப்பால் வரும் அதிகாரத்தைக் கேள்வி கேட்காத அறிவு, தன் வீட்டையே காக்க முடியாமல் நின்றது. ஆனால் மக்கள் மொழியில் அவன் தேடிய கல்வி சாகவில்லை. நிலவில் ஒரு பெரும் பள்ளத்துக்கு இன்று அவன் பெயர். அது அரியணைக்குக் கிடைத்த மரியாதையன்று. அட்டவணைக்குக் கிடைத்த மரியாதை!