மண்புரவி சொல்லும் வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்தின் பழமையைப் பேசுவோர் கல்லையே முதலிற் சுட்டுவர். சித்தன்னவாசல் குகையும், குடுமியான்மலை இசைக் கல்வெட்டும், நார்த்தாமலைக் கற்றளியும் அறிஞர் பலரை ஈர்த்துள்ளன. சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் 1929-ஆம் ஆண்டிலேயே நூலாக வெளிவந்தன. ஆயின், கல்லில் எழுதப்படாத வரலாறும் இங்கு உண்டு. அய்யனார் கோயில்களில் நிற்கும் புரவிகளின் வரலாறே அது.

கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குச் செல்வோரை ஏறத்தாழ 33 அடி உயரமுள்ள குதிரைச் சிலை எதிர்கொள்கிறது. மாசி மகத்தன்று பக்தர்கள் சாத்தும் காகிதப்பூ மாலைகளில் அதன் உடல் முழுதும் மறைந்துவிடும். இங்குச் சிலை நிலைத்து நிற்க, மாலைகள் ஆண்டுதோறும் புதியனவாகின்றன. புரவியெடுப்பு நிகழும் ஊர்களிலோ புரவியே புதிதாகிறது.

ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் அளிப்பதே புரவியெடுப்பின் தொடக்கமாகும். வேளார் மண் பிசைந்து புரவி செய்து, சூளையிற் சுட்டு, வண்ணம் தீட்டுவார். கண் திறக்கப்பட்ட பின் ஊரார் அதனைத் தோளிற் சுமந்து சென்று கோயிலில் நிறுத்துவர். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை செய்பவரும் வேளாரே. பழைய புரவிகளை எவரும் செப்பனிடுவதில்லை. அவை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணோடு மண்ணாகின்றன.

இம்மரபோடு ஜப்பானியரின் ஷிண்டோ வழிபாட்டை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கும் தெய்வத்திற்குக் குதிரையைக் காணிக்கையாக அளித்தனர். பின்னர்க் குதிரை ஓவியம் தீட்டிய மரப்பலகை அதன் இடத்தைப் பெற்றது. ஈசே பெருங்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டும் வழக்கம் கி.பி. 690-இல் தொடங்கியது. போர்க்காலங்களில் தடைப்பட்டாலும் அவ்வழக்கம் அழியவில்லை. 2013-இல் 62-ஆம் முறையாகக் கோயில் எழுந்தது. அங்குள்ள மரம் இளையது. தச்சரின் தொழிலறிவோ தொன்மையானது. ஒரு தலைமுறை கட்டும்போதே அடுத்த தலைமுறை கற்றுக்கொள்கிறது.

நம் மண்புரவியின் தொன்மையும் அத்தகையதே. அண்மைக் காலத்தில் சில ஊர்களில் சிமெண்டுப் புரவிகள் நிறுத்தப்படுகின்றன. அவை நெடுநாள் நிற்கும் என்பது உண்மையே. ஆனால், ஒருமுறை நிறுத்திவிட்டால் பிடிமண்ணுக்குத் தேவையில்லை. வேளாரை அழைக்கவும் வேண்டுவதில்லை. பொருள் நிலைக்க, அதைச் செய்யும் கை மறைந்துபோகும்.

கல்வெட்டுகளைப் படியெடுத்துக் காத்தோம். வேளாரின் கைத்திறனை அவ்வாறு படியெடுத்தல் இயலாது. ஊர் தவறாமல் பிடிமண் கொடுத்துவருவதே அதனைக் காக்கும் வழியாகும்.