மருந்தும் சான்றும்



கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடுமிடத்தில் அமைந்த கொடிகாமம், தென்மராட்சியின் பலாவும் மாவும் தேங்காயும் வந்து சேரும் சந்தையாற் பெயர் பெற்ற ஊர். முருங்கையிலையும் நெல்லிக்காயும் தேசிக்காயும் உண்டு வளர்ந்த அவ்வூர் மக்களுக்கு, உணவே மருந்து என்பதை எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் இக்காலத்தில், உணவின் சத்தை மட்டும் பிரித்தெடுத்து அடைத்த மாத்திரைப் போத்தல்கள் ஊர்தோறும் வந்துவிட்டன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்புவனவும் உண்டு. மறதி, மூட்டுநோவு, நீங்காத களைப்பு ஆகிய அனைத்திற்கும் இவை நல்லவை என்கிறார்கள். அவ்வாறு சொல்லப்படுவது மெய்யா என்பதை எங்ஙனம் அறிவது? இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறு, கடற்படை வீரரிடத்தே தொடங்கி, நம்மவர் பிழைக்கச் சென்ற மலாயாவைத் தொட்டு, போரிலிருந்து மீண்ட முதிய படைவீரரிடத்தே வந்து நிற்கிறது.

1747ஆம் ஆண்டு மே மாதத்தில், சாலிஸ்பரி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லிண்ட் என்பார், ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயால் வருந்திய மாலுமியர் 12 பேரைத் தெரிந்து, இருவர் இருவராக ஆறு கூறாக்கினார். ஒரு கூற்றாருக்கு வினாகிரி, ஒரு கூற்றாருக்குக் கடல்நீர், ஒரு கூற்றாருக்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த லேகியம் என இவ்வாறு வெவ்வேறு மருந்து கொடுத்தார். தோடம்பழம் இரண்டும் எலுமிச்சம்பழம் ஒன்றும் நாள்தோறும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். எனினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சஞ்சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இலேதான். உண்மை கண்டறியப்படுவது வேறு. அது ஏற்கப்படுவது வேறு.

அடுத்த காட்சி மலாயா. யாழ்ப்பாணத்தார் பலர் எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் அங்கே சென்று, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியதை முதியோர் அறிவர். அந்நாட்டில் அக்காலத்தே பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இருதயம் ஓய்ந்து மாள்வர். சீனத் தொழிலாளரிடையே பெருகிய இந்நோய், அதே நாட்டில் உழைத்த தமிழரை மிக அரிதாகவே தீண்டியது. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராயிருந்த பிறடன் இதற்கு உணவே காரணம் என்றார். சீனர் உண்டது தீட்டிய பச்சை அரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்துக் குற்றிய புழுங்கல் அரிசி. மொட்டைக்கறுப்பன் நெல்லை அவித்துக் காயவைத்துப் பழகிய நம் வீடுகளுக்கு இவ்வேற்றுமை விளங்காததன்று.

ஆனால் கண்ணாற் கண்டது மட்டும் சான்றாகிவிடாது. தமிழருக்கும் சீனருக்கும் அரிசியில் மட்டுமா வேற்றுமை? ஆகவே கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெற்சர் என்னும் மருத்துவர் 1905ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளரை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றையெண் பெற்றோருக்குப் பச்சை அரிசியும் இரட்டையெண் பெற்றோருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். கட்டடமே நோய்க்குக் காரணமோ என்ற ஐயத்தை நீக்க, இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றினார். பச்சை அரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவருள் ஒருவரும் அந்நோயால் மாளவில்லை. அம்மக்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. நாம் பெற்ற அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிறடன் நோய்க்குக் கூறிய காரணம், பழைய அரிசியில் உண்டாகும் ஒரு நஞ்சு என்பதாகும். அது தவறு. தவிட்டிலுள்ள சத்து, நெல்லை அவிக்கும்போது அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது என்பதும், அச்சத்து தயமீன் என்னும் விற்றமின் என்பதும் பின்னரே தெளிந்தன. காரணம் பிழைத்தது, கணக்குப் பிழைக்கவில்லை.

இனி இதற்கு நேர்மாறான கதையைக் கேளுங்கள். இரும்பில் துருவேறுவது போல, நாம் உள்ளிழுக்கும் ஒட்சிசனாலேயே உடலின் நுண்கலங்கள் பழுதுறுகின்றன. முதுமைக்கும் நோய்க்கும் அதுவே வேர் என்று 1956இல் டென்ஹம் ஹார்மன் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். அப்பழுதைத் தடுக்கும் பொருள்களை ஒட்சியேற்ற எதிரிகள் என்கிறோம். விற்றமின் சீ, விற்றமின் ஈ, பனம்பழக் களிக்கும் பப்பாசிக்கும் நிறமூட்டும் கரோற்றீன் இனப்பொருள்கள் ஆகியன இவ்வகையின. காரணம் அழகாயிருந்தது, ஆதலால் மாத்திரையும் பெருகிற்று.

கணக்கு என்ன சொல்லிற்று? பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் செய்த பெருஞ்சோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. பீற்றா கரோற்றீன் மாத்திரை உண்டவரிடையே நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. பழத்திலே உணவாயிருந்த பொருள், மாத்திரையிலே வேறொன்றாய் நடந்துகொண்டது. இம்முறை காரணம் கவர்ந்தது, கணக்கு மறுத்தது.

எனினும் எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிடவும் இயலாது. போரிலிருந்து திரும்பி முதுமையடைந்து அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு ஆளான 613 பேரை, அமெரிக்காவில் முன்னாள் படைவீரருக்கான 14 மருத்துவ நிலையங்களில் நான்கு பிரிவாக்கி ஆராய்ந்தனர். விற்றமின் ஈ ஒரு பிரிவாருக்கு. மெமன்ரீன் என்னும் மருந்து மற்றொரு பிரிவாருக்கு. இரண்டும் சேர்ந்து ஒரு பிரிவாருக்கு. வெற்று மாத்திரை ஒரு பிரிவாருக்கு. 2014இல் வெளியான முடிவின்படி, விற்றமின் ஈ மட்டும் பெற்றோர் உடுத்தல், உண்ணல், குளித்தல் போன்ற அன்றாடச் செயல்களில் தளரும் வேகம் குறைந்தது. தளர்ச்சி ஏறக்குறைய ஆறு மாதம் பிந்திற்று. நினைவு மீளவில்லை. இரண்டையும் சேர்த்து உண்டவரிடம் இந்நன்மை காணப்படவில்லை. ஆறு மாதம் சிறிதென்று தோன்றலாம். நோயாளியைப் பேணும் மனைவிக்கு அது சிறிதன்று. அதே விற்றமின் ஈயை நலமுள்ள ஆடவர் உண்டு வந்த வேறொரு பெருஞ்சோதனையிலோ, புரொஸ்டேற்றுப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என 2011இல் அறியப்பட்டது.

1990-91ஆம் ஆண்டுகளின் வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்கர் ஏறக்குறைய 7 இலட்சம் பேரில், நாலில் ஒருவருக்கேனும் களைப்பும் நோவும் மறதியும் நீங்காமல் நின்றன. அத்தகையோர் 46 பேரிடம், கோஎன்சைம் கியூ10 என்னும் ஒட்சியேற்ற எதிரியைச் சோதித்த முடிவும் 2014இல் வந்தது. நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உண்டவரிடம் ஓரளவு நலம் தெரிந்தது. 300 உண்டவரிடம் அந்நலம் மிகவில்லை. 46 பேரைக் கொண்ட ஆய்வு வழிகாட்டும் குறிப்பே, தீர்ப்பன்று.

1990இல் நின்ற புகைவண்டி 2014இலேதான் கொடிகாமத்தைக் கடந்து மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. போர் ஓய்ந்த பின்னும் அதன் நோவு உடம்பிலே தங்கும் என்பதை அவ்வூரார் நன்கறிவர். நோவுள்ளவரே நம்பிக்கையை எளிதில் விலைக்கு வாங்குவர். ஆகவே போத்தலைத் திறக்குமுன் சில கேட்டறிவோம். இதை உண்டவர் உண்ணாதவரோடு ஒப்பிடப்பட்டனரா? இரு சாராரும் விருப்பு வெறுப்பின்றிப் பிரிக்கப்பட்டனரா? நன்மையோடு தீமையும் எண்ணப்பட்டதா? நமக்குள்ள நோய்க்கா, வேறொருவர் நோய்க்கா அது சோதிக்கப்பட்டது? விடை தெரியாதவிடத்து மருத்துவரைக் கேட்டல் தகும். அதுவரை முருங்கையிலையும் நெல்லியும் புழுங்கற் சோறும் நம் அடுக்களையில் இருக்கவே இருக்கின்றன.