ஏற்றம் சொன்ன கணக்கு

'மானம்' என்னும் சொல்லுக்கு அளவு என்றும் ஒரு பொருள் உண்டு. 'கிரி' மலை. அவ்வாறு பிரித்தால் காரைக்குடியை அடுத்த மானகிரி 'அளவு மலை' ஆகிவிடுகிறது. சொல்விளையாட்டாகவே இதைச் சொல்கிறோம்; ஊர்ப்பெயர் ஆராய்ச்சி அன்று. ஆனால் மலையைக் கொண்டு ஓர் அளவுகருவியைச் சோதிப்பது பற்றி எழுதப் புகுகையில் இப்பெயர் முன்வந்து நிற்கிறது.

அக்கருவி, மிதிவண்டியில் பூட்டப்படும் பவர் மீட்டர். மிதிப்பவர் நொடிதோறும் செலுத்தும் திறனை அது வாட் கணக்கில் காட்டும். மிதிகட்டையைத் தாங்கும் கை, அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. இந்தத் திரிபுமானி 1938இல் அமெரிக்காவில் உருவானது; அதை மிதிவண்டிக்குள் கொண்டுவந்து 1986இல் நிறுவனம் தொடங்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிக் ஷோபரர். கருவி 200 வாட் என்கிறது. அது மெய்யா என்று யாரைக் கேட்பது?

மலையைக் கேட்கலாம். எடையை உயரத்தால் பெருக்கி, நேரத்தால் வகுத்தால் திறன் கிடைத்துவிடும். இந்தக் கணக்கு மிதிவண்டிக்கு வெகுகாலம் முற்பட்டது. பிரெஞ்சு அறிஞர் கூலும், மனித உழைப்பைப் பற்றிய தம் ஆய்வில், தெனெரீஃப் மலையில் ஏறியவர்களின் கணக்கை எடுத்துக்கொண்டார். 7 மணி 45 நிமிடத்தில் 2923 மீட்டர் ஏற்றம். ஆளின் எடை 70 கிலோ என்று கொண்டால், நாம் இன்று போடும் கணக்கில் சுமார் 72 வாட் வருகிறது. ஜேம்ஸ் வாட் வகுத்த குதிரைத்திறனோ 746 வாட்.

நம் மொழியில் ஏறுதலுக்கும் நீர் இறைக்கும் பொறிக்கும் ஒரே பெயர்: ஏற்றம். துலாமரத்தின் மீது ஆள் நடப்பார். அவர் ஒரு நுனிக்குச் செல்ல அது தாழும். மறு நுனியில் தொங்கும் சால் நீரோடு மேலெழும். பின்னர் தாழ்ந்த நுனியிலிருந்து அவர் மேல்நோக்கி ஏறித் திரும்பவேண்டும். நாளெல்லாம் ஒரு சிறு மலை ஏறுவதுதான் அவர் தொழில். சோழர் செப்பேடுகளில் 'குற்றேத்தம்' என்னும் சொல்லே வருகிறது. அனுமதியின்றி வாய்க்காலில் சிறு ஏற்றம் அமைத்து இறைக்கலாகாது என்பது நிபந்தனை. நீரின் மேல் உரிமை யாருக்கு என்பது அங்கே பேச்சு. ஏறியவனின் உழைப்புக்கு அளவு வைத்தது ஏற்றப்பாட்டு: இறைத்த சால்களை எண்ணியபடியே பாடுவர். அது எண்ணும் கருவி, நடையின் தாளத்தைக் காக்கும் கருவி, களைப்புக்கு மருந்து. கம்பரையே அடுத்த அடிக்காகக் காத்திருக்க வைத்ததாக ஒரு கதையும் உண்டு.

50 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு சாலுக்கு 2 மீட்டர் ஏறி, நிமிடத்துக்கு 4 சால் இறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு மட்டும் 65 வாட். தெனெரீஃப் மலையேறிக்கு வெகு அருகில் வந்துவிட்டார் நம் ஆள்! ஆனால் வாய்க்காலில் விழுந்த நீரை அளந்தால் கிடைக்கும் எண் இதைவிடக் குறைவாகவே இருக்கும். அச்சின் உராய்வு, சாலில் சிந்திய நீர், வெறும் சாலை இறக்கிய நேரம் எல்லாம் இடையில் தின்றுவிடும். 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், பின்னர் நீரிறைப்புப் பாசனம் பற்றி 1912இல் நூலே வெளியிட்டார். எண்ணெய் எஞ்சினும் பம்பும் பரவ அவர் உழைத்தார். பம்புக்குரிய கணக்கு இறைத்த நீரின் கணக்கு. வயலுக்கு அது போதும். ஏறியவரின் கூலி நியாயமா என்பதற்கு அது போதாது. அங்கே அவர் தன் உடலைத் தூக்கிய கணக்கே வேண்டும். எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் அளவு சரியா தவறா என்று வழக்காடுவது வீண்.

மிதிவண்டியிலும் இதே கதைதான். கருவி மிதிகட்டையில் நிற்கிறது. மலை, சக்கரத்தைக் கடந்து மிஞ்சியதையே அறியும். ஆளும் வண்டியும் 80 கிலோ, 12 கிலோமீட்டர் பாதை, 800 மீட்டர் உயரம், ஒரு மணி நேரம் என்று கொள்வோம். ஈர்ப்புக்கு 174 வாட். டயரின் உருளலுக்கு 13, காற்றுக்கு 8, சங்கிலியில் இழப்பு 6 வாட் அளவு. ஆகச் சுமார் 200 வாட்டைக் கருவி காட்டவேண்டும்.

சமநிலத்தில் இச்சோதனை ஏன் கூடாது? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெல்ல ஏறத்தாழ 127 வாட் வேண்டும். 10 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வந்துவிட்டால் அது 226 ஆகிறது. நாம் சொன்ன ஏற்றத்திலோ அதே எதிர்க்காற்று கூட்டுவது 20 வாட்டுக்கும் குறைவு. எனவே மானகிரிச் சாலையில் ஆயிரம் முறை ஓட்டினாலும் கருவியின் மெய் விளங்காது; சிறுமலைக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்கோ போகத்தான் வேண்டும்.

மலையும் பொய் சொல்லாத சாட்சி அன்று. தண்ணீர்ப் போத்தலை மறந்து எடை போட்டால் ஒரு கிலோ தவறும். அது ஒரு சதவீதத்துக்கு மேல். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் மாறினால் உயரமானி சுமார் 8 மீட்டர் பிறழும். கருவியின் பக்கமும் குற்றங்கள் உண்டு. அடிவாரத்தின் வெக்கையிலிருந்து மேலே போகப் போக உலோகம் குளிர்ந்து சுழிநிலை நகர்கிறது. இடக்காலை மட்டும் அளந்து இரட்டிக்கும் மலிவான கருவிகளோ, இடக்கால் 52 பங்கு உழைத்தால் 4 சதவீதம் மிகையாகக் காட்டும்.

ஆகவே தயாரிப்பாளர் கூறும் 1 சதவீதத் துல்லியத்தை மலையால் தீர்ப்பளிக்க முடியாது என்பதே நம் கருத்து. 225 காட்டும் கருவியைப் பிடித்துவிடலாம். 204 காட்டுவதை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. காற்றில்லாத விடியலில், அதே டயர், அதே காற்றழுத்தம், எடைபோட்ட வண்டியோடு, அதே மலையில் வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு முறை ஏறவேண்டும். மலைக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்குமானால், அந்த இடைவெளியைக் கழித்துவிட்டுக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாளுக்கு நாள் மாறுமானால், எந்த மலைக்குக் கொண்டுபோயும் பயனில்லை.