குளிர்நாட்டில் வெப்பநாட்டுக் கனிகள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவ்வந் நிலத்துக்குரிய மரமும் புள்ளும் விலங்கும் கருப்பொருள் என்றும் வகுத்தது தமிழிலக்கண மரபு. முதற்பொருளின்றிக் கருப்பொருள் நிலைபெறாது என்பது அம்மரபின் உட்கிடை. ஐரோப்பியச் செல்வர் பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி இவ்வுண்மையோடு மல்லுக்கு நின்றனர். உறைபனி பெய்யும் தம் நாட்டிலே அன்னாசியையும் வாழையையும் காய்க்கச் செய்தல் வேண்டும் என்று அவர் கொண்ட விடாப்பிடி, பலருக்கு வெறும் ஆடம்பரமாகவே தோன்றும். ஆடம்பரம் அதில் மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு செடிக்கு வேண்டிய நிலம் யாது, பொழுது யாது என்பதை மனிதன் அச்செடியிடமே படிப்படியாகக் கற்றுக்கொண்ட வரலாறாகவும் அது அமைகின்றது. கற்றவர் பெரும்பாலும் தோட்டக்காரர்; பெயர் பெற்றவரோ வேறு.

உறைபனியின் கொடுமை நம் மாணவர்க்கு எளிதிற் புலப்படாது. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் புல்நுனி வெண்மையாய் உறைந்து, உருளைக்கிழங்குச் செடியும் தேயிலைக் கொழுந்தும் கருகிக் கிடப்பதைக் கண்டவர் ஓரளவு உணர்வர். கலங்களின் இடையேயுள்ள நீர் பனிக்கட்டியாகும்போது கலத்தினுள் இருக்கும் நீரும் வெளியே இழுக்கப்படுகின்றது. கலம் வற்றி அழிகின்றது. அப்பிள் முதலிய குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்த்து உறங்கி இதற்குத் தப்புகின்றன. வாழைக்கு அவ்வுறக்கம் தெரியாது. ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் வளர்ச்சி நின்றுவிடும்; உறைபனி விழுந்தால் இலைகள் ஓரிரவிலேயே கருகிவிடும்.

முதன்முதலிற் செல்வர் கைக்கொண்ட வழி, மரத்தை வீட்டுக்குள் எடுத்துச் செல்வதே. 1684 முதல் 1686 வரையான காலத்தில், பிரான்சிலே வெர்சாய் அரண்மனையில், பதினான்காம் லூயி மன்னனுக்காக மான்சார் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பிய தோடை மண்டபம் இதற்குச் சிறந்த சான்று. தெற்கு நோக்கிய பெரிய சாளரங்களும் தடித்த சுவர்களும் உடைய அம்மண்டபத்துக்குள், மரப்பெட்டிகளில் நட்ட தோடை மரங்கள் ஐப்பசியிற் புகுந்து வைகாசியில் வெளியே வரும். (தோடைக்கு ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் பெயர் வடமொழி 'நாரங்க' என்பதன் வழியாக நம் 'நாரத்தை'யோடு உறவுடையது என்பர் மொழிநூலார்.) ஆனால், தோடை சிறிது குளிரைப் பொறுக்கும் மரம். பனி படாமற் காத்தாலே அது பிழைத்துக்கொள்ளும். அன்னாசி அத்தகையதன்று.

1493இல் குவாதலூப்புத் தீவிலே கொலம்பசின் கூட்டத்தார் அன்னாசியைக் கண்டு வியந்தனர். அமெரிக்கப் பழங்குடியினர் வழங்கிய அதன் பெயர் போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு நம் மொழியில் 'அன்னாசி' ஆயிற்று. வெப்பநாடுகளில் அது விரைந்து பரவியது. ஐரோப்பாவிலோ ஏறத்தாழ இருநூறாண்டு எவர்க்கும் வசப்படவில்லை. அடுப்பு வைத்துக் காற்றைச் சூடாக்கினர். காற்று வறண்டது, புகை நிறைந்தது. தொட்டி மண்ணோ குளிர்ந்தே கிடந்தது. மேலே கோடையும் கீழே மாரியுமாக நின்ற செடி வேரழுகி மாண்டது.

ஒல்லாந்திலே வெக்ட் ஆற்றங்கரையில் தோட்டம் அமைத்த அக்னெஸ் புளொக்கு என்னும் அம்மையார் 1687இல் அன்னாசியைக் காய்க்கச் செய்தார். ஐரோப்பாவில் அப்பேற்றினை முதலிற் பெற்றவர் அவரே என்பது பொதுவான கொள்கை. ஒல்லாந்தர் இதில் முந்தியது தற்செயலன்று. அக்காலத்திற் கீழைநாடுகளின் செடிகொடிகளெல்லாம் அவர்தம் கப்பலேறின. யாழ்ப்பாணம் 1658 முதல் 1795 வரை அவர் ஆட்சியில் இருந்தமை நாம் அறிந்ததே. இலங்கையிலே 1672 முதல் ஒல்லாந்தக் கம்பெனியின் மருத்துவராயிருந்து இந்நாட்டுத் தாவரங்களைத் திரட்டிய பவுல் எர்மான், பின்னர் லெய்டன் தாவரத் தோட்டத்தின் தலைவரானார். கண்ணாடி வீடும் குடியேற்றநாடும் ஒரே பணப்பையிலிருந்து பிறந்தவை. இதனை மறைத்து அவ்வீடுகளின் அழகை மட்டும் புகழ்வது வரலாறாகாது.

இங்கிலாந்துக்கு இக்கலையைக் கொணர்ந்தவர் அம்ஸ்ரடாமிற் பிறந்த மத்தியூ டெக்கர் என்னும் வணிகர். இலண்டனை அடுத்த றிச்மண்டிலிருந்த அவருடைய தோட்டத்தில், என்றி தெலெண்டி என்னும் தோட்டக்காரர் 1715ஆம் ஆண்டளவில் அன்னாசியைக் கனியச் செய்தார். அவர் கையாண்ட பொருள் மிக எளியது. தோல் பதனிடுவோர் பயன்படுத்திக் கழித்த ஓக்கு மரப்பட்டையே அது. ஈரப்பட்டையைக் குழியில் நிரப்பினால் அது மெல்லப் புளித்துச் சூடேறும். குதிரைச் சாணம் போல ஒரேயடியாகக் கொதித்துப் பின் ஆறிவிடாமல், இரண்டு மூன்று மாதம் ஒரே சீராக வெப்பந் தரும். ஆறும்போது கிளறிவிட்டால் மறுபடியும் சூடேறும். தொட்டிகளை அதில் கழுத்தளவு புதைத்து, மேலே கண்ணாடி மூடி, வெப்பமானி கொண்டு அளந்து வந்தார். முதற்பொருளின் ஒரு பாதியாகிய நிலம் இவ்வாறு கிடைத்தது. செடிக்கு வேண்டியது சூடான அறையன்று, சூடான மண் என்னும் உண்மை எந்த ஏட்டிலிருந்தும் வந்ததன்று. குழிக்குள் கைவிட்டுப் பார்த்தவர் கண்டது.

அக்கனியை நெட்சர் என்னும் ஓவியர் 1720இல் தீட்டினார். ஓவியத்துக்கு உரிய இலத்தீன் வாசகம், டெக்கரின் செலவால் விளைந்த கனி நெட்சரின் கலையால் இன்னும் வளர்வது போலத் தோன்றுகின்றது என்னுங் கருத்தினது. செலவு செய்தவர்க்கும் வண்ணம் பூசியவர்க்கும் இடமிருந்த அவ்வாசகத்தில் தெலெண்டிக்கு இடமில்லை. இரண்டு மூன்றாண்டு இரவு பகலாகக் காத்தாலன்றி ஓர் அன்னாசி கனியாத அந்நாட்டில், நள்ளிரவில் எழுந்து நெருப்பைப் பார்த்த எத்தனையோ பேர் பெயர்தானும் இன்றி மறைந்தனர்.

எஞ்சிய பாதியாகிய பொழுதைக் கண்டவர் சுவீடன் நாட்டு லின்னேயசு. ஒல்லாந்தக் கம்பெனியின் இயக்குநருள் ஒருவரான ஜோர்ஜ் கிளிபர்ட்டின் ஆட்டேகாம்புத் தோட்டத்தில், இலைமட்டும் செழித்துப் பூவாது நின்றது ஒரு வாழை. சூடு குறைவென்று எவரும் சொல்ல இயலாது. வாழையின் பிறந்தகத்தில் வறட்சிக்குப் பின் பெருமழை வருமே என்று லின்னேயசு எண்ணினார். நல்ல மண்ணில் நட்டுப் பல வாரம் நீர் விடாது காயவைத்துப் பின்பு மழைபோல் தாராளமாகச் சொரியச் செய்தார். 1736 சனவரியில் வாழை பூத்தது. மாரியும் கோடையும் மாறிமாறி வரும் நாட்டிற் பிறந்த நமக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றாது. எனினும் பருவத்தையே செயற்கையாக ஆக்கலாம் என்று துணிந்தமை பெரிது. அவ்வாண்டிலேயே அவர் அவ்வாழையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அங்குத் தோட்டக்காரராயிருந்த தீத்திரிக் நீட்செல் என்பவரைப் பிற்காலத்தில் உப்சாலாத் தோட்டத்துக்கு வருவித்துக்கொண்டமை, இவ்வரலாற்றிற் காண்பதற்கரிய நன்றியறிதல். பின்னர் 1747இல், எர்மான் திரட்டிய உலர்தாவரங்களைக் கொண்டு இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதியவரும் இவரே.

பொழுதைப் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அத்திலாந்திக்கிலுள்ள அசோர்சுத் தீவுகளிற் கண்ணாடி வீட்டு அன்னாசிக்குப் புகையிட்டால் செடிகளெல்லாம் ஒருங்கே பூக்கின்றன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டனர். புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. யாழ்ப்பாணத்தார் வாழைக்குலைக்குப் புகையூட்டிப் பழுக்க வைப்பதும் அவ்வாயுவின் வேலையே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரியும் இரும்புக் குழாயும் வந்தபின் மரப்பட்டைக் குழி பழங்கதையாயிற்று. 1845இல் ஆங்கில அரசு கண்ணாடி வரியை நீக்கவே கண்ணாடியும் மலிந்தது. டெவன்சயர்க் கோமகனின் சற்சுவேத்து மாளிகையில் ஜோசேப்பு பாக்ஸ்ரன் என்னும் தலைமைத் தோட்டக்காரர், மொரீசியசு வழியாக வந்த சீனத்துக் குட்டை வாழை ஒன்றை வளர்த்தார். 1835 கார்த்திகையில் அது பூத்து, அடுத்த ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட பழம் தந்தது. கோமகனின் குடிப்பெயரால் அவ்வினம் 'கவண்டிசு' எனப்பட்டது. பாக்ஸ்ரன் பெரும்புகழ் எய்தியவர். 1851இற் பளிங்கு மாளிகையை அமைத்தவர். எனினும் வாழைக்குப் பெயர் அவருடையதன்று.

அவ்வாழை பின்பு சென்ற வழியே வியப்புக்குரியது. மருத்துவர் வார்டு என்பார் இயற்றிய மூடிய கண்ணாடிப் பெட்டியிலே, உப்புக்காற்றுப் படாமற் செடிகளைக் கடல்கடந்து அனுப்பலாம் என்பது 1830களில் உறுதிப்பட்டது. ஜோன் வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் அத்தகைய பெட்டியொன்றிற் சற்சுவேத்துக் கன்றுகளைச் சமோவாவுக்குக் கொண்டு சென்றார், ஒன்றே பிழைத்தது. அவர் 1839இல் எறொமாங்காத் தீவிற் கொல்லப்பட்டார். கன்றோ தழைத்துத் தொங்கா, பீஜி முதலிய தீவுகளுக்கும் பரவியது. வெப்பநாட்டு வாழை குளிர்நாட்டுக் கண்ணாடி வீட்டிற் பெருகி மீண்டும் வெப்பநாட்டுக்கே திரும்பியது! உலகச் சந்தையிலுள்ள கவண்டிசு முழுவதும் அவ்வொரு கன்றின் வழியே என்று சிலர் எழுதுவது மிகை. சீனத்திலிருந்து வேறு வழிகளாலும் அவ்வினம் பரவியுள்ளது.

நீராவிக் கப்பல் அன்னாசியையும் வாழையையும் மலிவாகக் கொணரத் தொடங்கியதும் செல்வர் தம் ஆர்வத்தை இழந்தனர். எவரும் வாங்கக்கூடிய பழத்தை விருந்தில் வைப்பதிற் பெருமை ஏது? சற்சுவேத்திற் பாக்ஸ்ரன் எழுப்பிய பெருங்கண்ணாடி வீடு எட்டுக் கொதிகலன்களையும் ஏறத்தாழ ஏழு மைல் நீளக் குழாய்களையும் உடையது. முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிட்டாமையால் செடிகள் மாண்டன. 1920இல் அக்கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சந்தையை ஆண்ட குறோசு மிசேல் வாழையைப் பனாமா நோய் அழித்தபின், 1950களிலும் 60களிலும் அதன் இடத்தைப் பிடித்தது கவண்டிசு இனமே. விதையின்றிக் கன்றாலேயே பெருகுவதால் அதன் மரங்களெல்லாம் ஒரே உடம்பின் பகுதிகள் போல்வன. அந்நோயின் புதிய வகையொன்று ஆசியத் தோட்டங்களைத் தாக்கி, 2019இற் கொலம்பியாவையும் எட்டியது. இம்முறை பகை குளிரன்று. வேரின் கீழுள்ள மண்ணில் வாழும் ஒரு பூஞ்சணம்.