இடம் கேட்டு அலைந்த பளிங்கு

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 161வது தெரு ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டம் ஆட்ட நாட்களில் அப்படியே யாங்கி ஸ்டேடியத்துக்குள் போய்விடும். அந்தப் பக்கம் திரும்பாமல் மேட்டில் ஏறினால் கிராண்ட் கான்கோர்ஸ் என்கிற அகலச் சாலை வரும். ஒரு புறம் மாவட்ட நீதிமன்றத்தின் கனத்த கட்டடம். தெருவைத் தாண்டினால் ஜாய்ஸ் கில்மர் பூங்கா. முதல் உலகப் போரில், 1918இல் இறந்துபோன அமெரிக்கக் கவிஞரின் பெயர் அது. ஆனால் பூங்காவின் தென்முனையில் நிற்கும் வெண்பளிங்கு நீரூற்று இன்னொரு கவிஞருக்கானது: ஜெர்மன் மொழியில் எழுதிய ஹைன்ரிச் ஹைனே.

கவிஞரைத் தேடினால் சட்டென்று கண்ணில் படமாட்டார். உச்சியில் உட்கார்ந்திருப்பது லோரலை. ரைன் நதிப் பாறைமேல் அமர்ந்து, தலைவாரிப் பாடி, படகோட்டிகளை மயக்கிக் கவிழ்ப்பவள். ஹைனேயின் 1824ஆம் ஆண்டுக் கவிதையால் ஜெர்மன் வீடுகள்தோறும் பாடப்பட்டவள். அவள் காலடியில் மூன்று கடற்கன்னிகள்: கவிதை, நையாண்டி, சோகம். ஹைனே பீடத்தில் ஒரு பக்கவாட்டு முகமாக மட்டும் செதுக்கப்பட்டிருக்கிறார். இன்னொரு புடைப்புச் சிற்பத்தை நின்று பார்க்க வேண்டும். கோமாளிக் குல்லாய் போட்ட ஒரு சிறுவன், இறகுப் பேனாவை ஈட்டிபோல நீட்டி ஒரு டிராகனைக் குறிவைக்கிறான். ஹைனேயை ஒரே படத்தில் சொல் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அவர் பிறந்த ஊர் இந்தப் பளிங்கை வாங்க மறுத்ததற்குக் காரணமும் அந்தப் பேனாதான்.

ஹைனே 1797இல் டுசல்டார்ஃபில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1825இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆனாலும் ஊர் அவரை யூதர் என்றே வைத்தது. 1831இல் பாரிசுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்தபடி பிரஷ்ய அரசையும் அதன் ராணுவ மிடுக்கையும் கிழிகிழியென்று கிழித்தார். கடைசி எட்டு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்து 1856இல் காலமானார். பதினைந்தே ஆண்டுகளில், அவர் கேலி செய்த அதே பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மன் பேரரசு உருவானது. யூதர், பிரஷ்யாவைப் பழித்தவர், பிரெஞ்சு மண்ணில் வாழ்ந்தவர். புதிய பேரரசின் தேசபக்தர்களுக்கு இதில் ஒன்றே போதும். ஹைனேயிடம் மூன்றும் இருந்தன.

1887இல் டுசல்டார்ஃபில் ஒரு குழு கூடியது. ஹைனே பிறந்த நூற்றாண்டுக்குள் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவது திட்டம். பக்கபலமாக நின்றவர் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத். ஹைனேயின் தீவிர வாசகி. பேரரசிக்கு ஏற்கெனவே சிலை செய்து தந்திருந்த பெர்லின் சிற்பி எர்ன்ஸ்ட் ஹெர்ட்டரிடம் வேலை போனது. பேரரசி விரும்பியது உட்கார்ந்திருக்கும் ஹைனேயை. குழுவுக்குப் பிடித்தது லோரலை நீரூற்று. அதற்குள் யூத வெறுப்புப் பத்திரிகைகள் பேரரசியையே குறிவைத்து எழுத ஆரம்பித்தன. 1889 வாக்கில் அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பத்திரிகைகளாவது மனதில் இருந்ததை எழுதின. நகரசபை அப்படிப் பேசாதே! பெண் கொடுக்க மனமில்லாதவர் ஜாதகம் பொருந்தவில்லை என்பதுபோல, இடம் பொருந்தவில்லை என்றது. ஹோஃப்கார்டன் பூங்காவில் போர்வீரர் நினைவுச்சின்னம் வந்துவிட்டது. அதன் அருகே ஹைனே சரிப்படாது என்று 1893இல் கைவிரித்தது. அடுத்து மைன்ஸ் நகரம். ரைன் கரையிலேயே இருக்கும் ஊர், லோரலைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. முதலில் ஆர்வம் காட்டியவர்கள் அடுத்த ஆண்டே பின்வாங்கினார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் கதை கடல் தாண்டுகிறது. நியூயார்க்கில் அப்போது ஜெர்மானியர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். அவர்களுடைய பாட்டுச் சங்கங்களில் பெயர் பெற்றது ஆரியோன் சங்கம். ஜெர்மனி வேண்டாம் என்றதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் முன்வந்தார்கள். கேட்ட இடமும் சாதாரணமானதல்ல: ஐந்தாம் அவென்யூவும் 59வது தெருவும் சந்திக்கும் சென்ட்ரல் பார்க் வாசல். நகரத்தின் சிற்ப வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். கலைத்தரம் போதாது, சம்பிரதாயமான வேலை என்று தீர்ப்புச் சொன்னார்கள். சென்ட்ரல் பார்க் வாசல் கிடைக்கவில்லை. அதே சதுக்கத்துக்கு 1903இல் வந்து சேர்ந்தது குதிரைமேல் அமர்ந்த ஷெர்மன் தளபதியின் சிலை. சிற்பமாகப் பார்த்தால் ஷெர்மன் பல படி உயர்ந்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் டுசல்டார்ஃபிலும் நியூயார்க்கிலும் கவிஞர் கேட்ட இடம் கடைசியில் போருக்கே போனது.

இழுபறி முடிந்து கிடைத்தது பிராங்க்ஸ். அப்போது அது நகரத்தின் விளிம்பு. கிராண்ட் கான்கோர்ஸ் சாலையே 1909இல்தான் திறக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னதாக, 1899 ஜூலை 8 அன்று, ஆயிரக்கணக்கானோர் கூடிய விழாவில் டைரோல் பளிங்கின் துணி விலக்கப்பட்டது. எலிசபெத் அதைப் பார்க்க உயிரோடில்லை. முந்தைய செப்டம்பரில் ஜெனீவாவில் அவர் கொலையுண்டிருந்தார்.

அவர் தனக்கென்று வாங்கிய வேறொரு ஹைனே சிலைக்கும் ஏறக்குறைய இதே தலையெழுத்து. டேனிஷ் சிற்பி ஹாசல்ரீஸ் செய்த அந்தச் சிலை, கோர்ஃபு தீவில் பேரரசியின் மாளிகையில் இருந்தது. அவருக்குப் பின் மாளிகையை வாங்கிய ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் சிலையை அகற்றினார். ஹைனேயின் பதிப்பாளரின் மகன் அதை வாங்கி ஹாம்பர்க் நகருக்குத் தர முன்வந்தார், ஹாம்பர்க்கும் மறுத்தது. ஒரு கட்டடத்தின் முற்றம், பிறகு 1927 முதல் ஆல்டோனாவில் ஒரு பூங்கா, நாஜி ஆட்சியில் அதுவும் போய், 1939இல் பிரான்சின் தூலோன். அந்தச் சிலை இன்றும் அங்கே ஒரு கடலோரப் பூங்காவில்தான் இருக்கிறது.

பிராங்க்ஸ் நீரூற்றுக்கு இடம் கிடைத்ததோடு துன்பம் தீரவில்லை. வந்த புதிதிலேயே கடற்கன்னிகளின் கைகளை உடைத்தார்கள். 1940இல் பூங்காவின் வடகோடிக்குத் தள்ளினார்கள். சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் மாறினார்கள். ஜெர்மன் பாட்டுச் சங்கங்களின் காலம் மலையேறியது. 1970களில் பிராங்க்ஸ் தீயிலும் வறுமையிலும் வெந்தபோது பளிங்கு முழுக்கப் பெயிண்ட் கிறுக்கல். கன்னிகளின் தலைகள் போயின. ஊற்றில் தண்ணீர் இல்லை.

ஐரோப்பா செய்ததும் இதுவும் ஒன்றல்ல. டுசல்டார்ஃபில் எதிர்த்தவர்களுக்கு ஹைனே யார் என்று நன்றாகத் தெரியும். அவர் எழுத்து சுட்டதால்தான் அந்த ஆத்திரம். பெயிண்ட் டப்பாவோடு வந்த பையனுக்குக் கவிஞரோடு எந்த வழக்கும் இல்லை. பகை சிலையை ஊரைவிட்டு அனுப்பியது, ஆனால் ஒரு கீறல் விழாமல் அனுப்பியது. தலையைக் கொய்தது மறதி.

மீட்பும் வந்தது. நகரத்தின் கலைச் சங்கமும் பூங்காத் துறையும் முயற்சி எடுக்க, ஜெர்மனியிலிருந்தும் நன்கொடை சேர, காணாமல்போன உறுப்புகளைப் புதிதாகச் செதுக்கிப் பொருத்தினார்கள். தென்முனையிலேயே மறுபடி நிறுத்தி, 1999 ஜூலை 8 அன்று, சரியாக நூறாம் ஆண்டில், தண்ணீர் விட்டார்கள். டுசல்டார்ஃபும் மெல்ல மனம் மாறியது. பெர்ட் கெரஸ்ஹைம் செய்த ஹைனே நினைவுச்சின்னம் 1981இல் அங்கே எழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரை வைப்பதற்கு மட்டும் இருபதாண்டுக்கு மேல் சண்டை, 1988இல்தான் முடிவானது.

இத்தனை பயணத்தில் இந்தப் பளிங்கின்மீது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றே ஒன்று உண்மை: வல்லுநர்கள் சொன்னதுபோல, இது மகத்தான சிற்பம் அல்ல. கடற்கன்னிகள் அந்தக் காலத்து அலங்கார மரபிலிருந்து ஒரு விரற்கடைகூட விலகாதவர்கள். ஆனால் உலகத்து ஊர்களில் நிற்கும் மன்னர்களையும் தளபதிகளையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பாதிக்கு மேல் சுமாரான வேலைதான்; கலைத்தரம் போதாது என்று எந்த நகரசபையும் அவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் தராசை வெளியே எடுப்பதற்கு ஒரு கவிஞர் வந்து வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.